கைப்பேசியும் மூத்த அங்கத்தினர்களும்

நம் சங்கக் கூட்டங்களில் அண்மைக் காலமாக ஒரு பேச்சு அடிக்கடி எழுகின்றது. நெசவுக் கூலியும் விளைபொருளுக்குரிய கிரயமும் வங்கிக் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. வரவு விவரம் கைப்பேசியில் குறுஞ்செய்தியாக வருகின்றது. சங்க அறிவிப்புகளும் பல இடங்களில் வாட்ஸ்அப் குழுக்களிலேயே வெளியாகின்றன. இளைய அங்கத்தினர்கள் இதனைப் பெரும் வசதி என்கின்றனர். அறுபது வயதைக் கடந்தோரோ பாதி மகிழ்ச்சியும் பாதி கலக்கமுமாக இருக்கின்றனர். அவர்களைப் பழமை விரும்பிகள் என்று ஒதுக்கிவிடுவோரும் உளர். அது முறையன்று என்பது நம் அபிப்பிராயம்.

நெசவாளரும் உழவரும் புதுக்கருவிக்கு என்றுமே பகைவர் அல்லர். 1733-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜான் கே கண்ட, கயிற்றை இழுத்தால் நாடா தானே ஓடும் அமைப்பும், 1804-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்தில் உருவான ஜக்கார்டுப் பெட்டியும் நம் தறிகளில் இடம்பெற்றன. கவலை இறைத்த உழவர் மின்சார மோட்டாரை விரும்பி ஏற்றுக்கொண்டார். ஆனால் அக்கருவிகளில் ஓர் இயல்பு உண்டு. தறியில் இழை அறுந்தால் அறுந்த இடம் கண்ணுக்குத் தெரியும். முடிந்துவிட்டு மேலே நெய்யலாம். கைப்பேசியில் பணம் தவறிப் போனாலோ, தவறிய இடம் எது என்று நம் பெரியவர்களுக்குப் புலப்படுவதில்லை. அவர்களுடைய கலக்கத்தின் வேர் இதுவே என்று கருதுகின்றோம்.

மகிழ்ச்சிக்கும் காரணங்கள் பல. வெளியூரில் பிழைக்கும் மகனையும் பேரக் குழந்தைகளையும் முகம் பார்த்துப் பேச முடிகின்றது. 2018-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட உழவன் செயலியில் சந்தை விலையையும் வானிலையையும் அறியலாம். நெய்து முடித்த சேலையின் படத்தைத் தொலைவிலுள்ளோர்க்குக் காட்டி விற்கலாம். 2016-இல் தொடங்கிய யு.பி.ஐ. முறையால் வாங்குவோர் அனுப்பும் தொகை உடனே வந்து சேர்கின்றது.

குறைகளையும் எண்ணிப் பார்ப்போம். நூலிலும் சாயத்திலும் மண்ணிலும் பல்லாண்டு உழைத்த விரல்களில் ரேகை தேய்ந்து போகின்றது. பொருள் வாங்கச் சென்ற இடத்தில் இயந்திரம் அவ்விரலை ஏற்க மறுத்தால், வாழ்நாள் முழுவதும் உழைத்தவர் தாமே தாம் என்று மெய்ப்பிக்க இயலாமல் வரிசையில் தலைகுனிந்து நிற்கின்றார். இரகசிய எண்ணைத் தாமே அழுத்தத் தெரியாதவர் அதனைப் பிறரிடம் கூற நேரிடுகின்றது. தம் பணத்தின்மேல் தமக்கிருந்த தனியுரிமையை அந்த நிமிடமே இழக்கின்றார். புதிய கரைக்கோலத்தைப் படமாக அனுப்பினால் அது விசைத்தறிக்குப் போய்விடுமோ என்று அஞ்சும் நெசவாளரும் உண்டு. கைத்தறிக்கென்று சில இரகங்களை ஒதுக்கி 1985-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டதை நினைத்தால், அவ்வச்சம் ஆதாரமற்றதென்று கூற இயலாது.

வதந்தியோ இவற்றினும் கொடியது. 2018 மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த ஓர் ஊரில், கோயிலுக்கு வந்த மூதாட்டி ஒருவர் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிப்போர் நடமாடுவதாகக் கைப்பேசிகளில் பரவியிருந்த பொய்யை நம்பிய கூட்டம் அவரை அடித்துக் கொன்றது. அவ்வாண்டு ஜூலையில், ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் வரம்பு விதிக்கத் தொடங்கியது. எனினும் வரம்பு ஒன்றே போதாது. கண்டறியாத செய்தியை மேலே அனுப்பாமல் நிறுத்தும் கையே சிறந்த காவல்.

அங்கத்தினர்கள் மனத்தில் பதிக்க வேண்டியவை சில உள. யு.பி.ஐ. இரகசிய எண் பணம் அனுப்புவதற்கும் இருப்பை அறிவதற்குமே வேண்டும். பணம் பெறுவதற்கு அது தேவையில்லை. 'பணம் வரும், எண்ணை அழுத்துங்கள்' என்று ஒருவர் கூறினால் அவர் ஏமாற்றுக்காரர் என்று அறிக. ஓ.டி.பி. எண்ணை எவர் கேட்பினும் கூறற்க. கைப்பேசித் திரையில் தோன்றிக் கைது செய்வதாக மிரட்டுவோருக்கு அஞ்ச வேண்டா. அத்தகைய கைது முறை நம் சட்டத்தில் இல்லை. பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் அப்பணம் கணக்கு மாறிக் கணக்கு சென்றுகொண்டிருக்கும். விரல் ரேகை பதியாதோர் கருவிழிப் பதிவு உண்டா என்று கேட்டுப் பெறுக. ஓய்வூதியம் பெறுவோர் வாழ்நாள் சான்றினை முகத்தைக் காட்டியே பதியும் முறையும் இப்போது உள்ளது.

சங்கங்கள் செய்ய வேண்டியதும் உண்டு. வாட்ஸ்அப்பில் வரும் அறிவிப்பு சங்க அறிவிப்புப் பலகையிலும் பெரிய எழுத்தில் இடம்பெற வேண்டும். வரவு செலவைப் பாஸ் புத்தகத்திலும் பதிந்து தர வேண்டும். கூலி வழங்கும் நாளில் பொறுமையுள்ள இளைய அங்கத்தினர் ஒருவரை அமர்த்தி, கேட்போர்க்குக் கற்பிக்கச் செய்யலாம். அவர் பெரியவரின் கையிலிருந்து கைப்பேசியை வாங்கித் தாமே அழுத்தலாகாது. பெரியவரின் விரலைக் கொண்டே அழுத்தச் செய்ய வேண்டும். அன்று பிள்ளைகளின் கையைப் பிடித்து நாடா தள்ளக் கற்பித்தவர்கள் அவர்களே அல்லரோ?

தனியொருவர் தாங்க இயலாத சுமையைப் பலர் கூடித் தாங்குவதற்கே கூட்டுறவு பிறந்தது. முன்னாளில் அச்சுமை கடனாக இருந்தது. இந்நாளில் கையடக்கமான ஒரு கருவியின் உருவில் வந்திருக்கின்றது. சங்கத்தை வளர்த்த பெரியவர்கள் அதன் வாயிலில் அந்நியராய் நிற்கும் நிலை வராமல் காப்பது நம் அனைவரின் பொறுப்பாகும்.