கோத்தா திங்கியும் மலாய் நாடக மேடையும்

ஜொகூர் ஆற்றங்கரையில் அமைந்த கோத்தா திங்கி, ஒரு காலத்தில் ஜொகூர் அரசின் தலைநகராக விளங்கிய ஊர். 'கோத்தா' நம் 'கோட்டை'யோடு உறவுடைய சொல். 'திங்கி' என்றால் உயர்ந்தது. அரசன் நெறி தவறினால் குடிமகன் செய்யத்தக்கது யாது என்னும் வினா இவ்வூரில் ஒரு கொலையாய் எழுந்தது. பின்னர் இவ்வட்டாரத்திற் பிறந்த கவிஞர் ஒருவரால் நாடக மேடையில் ஆராயப்பட்டது. சிலம்பு கற்பிக்கும் தமிழாசிரியர்க்கு அவ்வினா புதிதன்று.

1699ஆம் ஆண்டில் சுல்தான் மகமூது இங்குக் கொலையுண்டான். தொழுகைக்காகப் பணியாளர் சுமந்து செல்லுங்கால் படைத்தலைவன் மெகாட் ஸ்ரீ ராமா அவனைக் குத்தினான் என்பர். காரணம் கூறுவது செவிவழிக் கதை. படைத்தலைவன் வெளியூர் சென்றிருந்தபோது, கருவுற்றிருந்த அவன் மனைவி மசக்கையால் அரண்மனைத் தோட்டத்துப் பலாச்சுளை ஒன்றை உண்டாள். அதனை அறிந்த மன்னன் அவள் வயிற்றைக் கிழிப்பித்தான். மீண்டு வந்த கணவன் பழி தீர்த்தான். கதையின் நுணுக்கங்களுக்குச் சான்று இல்லையாயினும், மன்னன் கொடியவன் என்பதை அக்காலத்து வணிகர் அலெக்சாந்தர் ஹாமில்டனும் எழுதியுள்ளார்.

இக்கொலை மலாய் உலகை உலுக்கியதற்குக் காரணம் உண்டு. மன்னனை எதிர்ப்பது 'டெர்ஹாக்கா' எனப்படும் பெரும்பாவம். வடமொழித் துரோகத்தின் வழிவந்த சொல் அது. ஆயினும் 'செஜாரா மெலாயு' என்னும் வரலாற்று நூல் ஓர் உடன்படிக்கையைக் கூறுகிறது: குடிகள் அரசனுக்குத் துரோகம் எண்ணலாகாது, அரசனும் குடிகளை இழிவுபடுத்தலாகாது. முதலில் முறித்தவன் அரசனாயின் குடியின் கடமை என்னாவது? மகமூதுக்கு வாரிசு இன்மையால் மலாக்கா அரசமரபு ஜொகூரில் அற்றது. பெண்டஹாரா என்னும் தலைமை அமைச்சர் அரியணை ஏறினார். வினா மட்டும் எஞ்சியது.

அரசர் கதைகளை மக்களிடம் கொண்டு சென்றது பங்சவான் என்னும் மேடை நாடகம். பம்பாயிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த பார்சி நாடகக் குழுக்களைக் கண்டு பினாங்கில் அது தோன்றியது. தீட்டிய திரை, காட்சி மாற்றம், இடையிடையே பாட்டு ஆகியவை அதன் இயல்புகள். தமிழ்நாட்டு மேடையும் திரையையும் காட்சி அமைப்பையும் பார்சிக் குழுக்களிடம் கற்றதாதலின், இரண்டும் ஒருவகையில் உடன்பிறப்புகள். மகமூதின் கதை திரைப்படமாகவும் வந்தது. 1961இல் அதனை இயக்கியவர் கே. எம். பாஸ்கர்.

வினாவை நேர்நின்று ஆராய்ந்தவர் உஸ்மான் அவாங். 1929இல் கோத்தா திங்கி வட்டாரத்துக் கோல செடிலியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, காவலராகவும் பின்னர் இதழாளராகவும் பணியாற்றி, 1983இல் தேசிய இலக்கியவாணர் விருது பெற்றவர், 2001இல் மறைந்தார். 1960களில் புகழ்பெற்ற அவரது நாடகத்தின் பெயர் 'ஒரு வீரனின் மரணம்' எனப் பொருள்படும். வீரன் ஹங் துவா அல்லன், ஹங் ஜெபாட்.

பழங்கதையில், அவதூறு கேட்ட மன்னன் விசாரணையின்றித் துவாவைக் கொல்லப் பணிக்கிறான். நண்பன் மாண்டதாக எண்ணிய ஜெபாட் கிளர்ந்தெழுகிறான். மறைத்து வைக்கப்பட்டிருந்த துவா, மன்னன் அழைக்கவே வந்து ஜெபாட்டைக் கொல்கிறான். நூற்றாண்டுகளாகப் போற்றப்பட்டது துவாவின் கீழ்ப்படிதலே. உஸ்மான் அநீதியை எதிர்த்த ஜெபாட்டை வீரனாக்கினார். 1964இல் நூலாக வந்த காசிம் அகமதுவின் ஆய்வும் அத்திசையிலேயே வாதிட்டது. புதிதாக விடுதலை பெற்ற நாட்டில், ஆள்வோர்க்கும் ஆளப்படுவோர்க்கும் உள்ள உறவைப் பற்றிய பொதுவிவாதமாக அது வளர்ந்தது.

மதுரையில் விசாரணையின்றிக் கோவலன் கொல்லப்பட்டான்; கண்ணகி வழக்குரைத்தாள்; பாண்டியன் தன் குற்றம் உணர்ந்து தானே உயிர்விட்டான். அங்கே அரசன் தன்னையே தண்டித்தான். கோத்தா திங்கிக் கதையில் அவன் தன் குற்றத்தை உணரவில்லை, பாதிக்கப்பட்டவன் தண்டித்தான். ஜெபாட் கதையிலோ நீதி கேட்டவனே மாண்டான். இம்மூன்றையும் வகுப்பில் ஒருங்கே வைத்தால், அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றாகும் என்னும் சிலப்பதிகாரக் கருத்து ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதை மாணாக்கர் உணர்வர். அண்டை வீட்டாரின் மலாய் நாடகமும் அவர்க்கு அயலாகத் தோன்றாது.