பதிவேட்டிற் கோப்பாய்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பருத்தித்துறை வீதி வழியே செல்வோர் கோப்பாயைக் கடந்தே செல்ல வேண்டும். செம்மண் தோட்டங்களும், ஆசிரியர் கலாசாலையும், கைதடிக்குப் பிரியும் சந்தியும் உடைய அவ்வூரை அறியாதார் குடாநாட்டில் இலர். ஆயினும், மனிதர் நன்கறிந்த இவ்வூரைக் கணினி அறிந்துகொள்வது அத்துணை எளிதன்று. ஒரே நிறுவனத்தின் ஒரே பட்டியலிற் கோப்பாய் நான்கு ஊர்களாகவும் ஐந்து ஊர்களாகவும் பிரிந்து நிற்றல் கூடும். அவ்வாறு பிரிந்துவிட்டால், அங்கு வாழும் குடும்பமொன்றிற்குரிய கொடுப்பனவு இரு முறை செல்லலாம்; ஒரு முறையேனும் செல்லாது ஒழியவும் செய்யலாம். பிழை பொறியினுடையதா, எழுதியவருடையதா, பட்டியலை வகுத்தவருடையதா என்பது ஆராய்தற்குரியது.

வங்கிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் பெருவணிக நிறுவனங்களும் இன்று தம் கணக்குகளைப் பேணுகின்ற மென்பொருளுக்கு அடித்தளமாய் இருப்பது தரவுத்தளம். பெயர் புதிதாயினும் பொருள் பழையதே. நிரைகளும் நிரல்களும் கொண்ட பேரேடுகள் பலவற்றை ஒன்றோடொன்று பிணைத்து வைத்த தொகுதியே அது. யாழ்ப்பாணத்தார்க்கு இத்தகைய ஏடு புதிதன்று. போர்த்துக்கேயர் தொடங்கிவைக்க, 1658ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் தொடர்ந்து எழுதுவித்த தோம்புகளில் காணியும் காணிக்குரியவரும் இறைக்கு உரியனவும் பதியப்பட்டன. இறை வாங்குவோனுக்கு வேண்டியவை அங்கு எழுதப்பட்டன. வேண்டாதவைக்கு அங்கே நிரலில்லை. எந்தப் பதிவேடும் அதனை வகுத்தவரின் தேவைக்கேற்பவே அமைகின்றது. அத்தேவைக்குப் புறம்பான ஒருவர் வந்து நிற்கும்போதுதான் வகுப்பின் குறை வெளிப்படும்.

1970ஆம் ஆண்டிலே ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வாளர் எட்கார் கொட் என்பார், தரவுகளை அட்டவணைகளாக வகுத்துத் தொடர்புபடுத்தும் முறையை ஒரு கட்டுரையில் வெளியிட்டார். அக்கட்டுரையிலும் அடுத்த சில ஆண்டுகளில் எழுதியவற்றிலும் அவர் வற்புறுத்தியவற்றுள் ஒன்று, ஒரு செய்தியைப் பல இடங்களில் திரும்பத் திரும்ப எழுதலாகாது என்பது. கடன் பெற்றவரின் முகவரி ஒவ்வொரு கடன் பதிவிலும் எழுதப்பட்டிருந்தால், அவர் வீடு மாறியவுடன் சில பதிவுகள் திருத்தப்பட, வேறு சில பழைய முகவரியோடே கிடக்கும். பின்னர் எது மெய்யென்று ஏடு கூறாது. இவ்விதி அரை நூற்றாண்டுக்கு மேலாக எல்லாரும் அறிந்ததே. எனினும் அவசரத்தில் வகுக்கப்படும் மென்பொருள்களில் இன்றும் இது மீறப்படுகின்றது.

கோப்பாய் என்னும் சொல்லையே எடுத்துக்கொள்க. யூனிகோட் முறை பரவுவதற்கு முன்னர் குடாநாட்டு அலுவலகங்களிற் பெருவழக்காயிருந்தது பாமினி எழுத்துரு. அதிலே திரையிற் தோன்றுவது தமிழ். உள்ளே சேமிக்கப்படுவதோ ஆங்கில எழுத்துக்களும் குறிகளும். ஏகாரக் குறிக்கு ‘என்’ என்னும் ஆங்கில எழுத்து, ககரத்திற்கு ‘எஃப்’, மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளிக் குறி என்றவாறு அவை அமைந்தன. இந்த அரைப்புள்ளியாலே விளையும் தொல்லை நகைப்பிற்குரியது. அனுபவித்தவர்க்கோ நகை வாராது. ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குப் பட்டியலை மாற்றும்போது, நிரல்களைப் பிரித்துக் காட்ட அரைப்புள்ளியை இடுவது சில மென்பொருள்களின் வழக்கம். கோப்பாய் என்னும் சொல்லில் இரண்டு புள்ளிகள் உள்ளன. ஆதலால் அச்சொல் ‘கோப’ எனவும் ‘பாய’ எனவும் பிளந்து, மூன்றாவதாக ஒரு வெறும் இடத்தையும் விட்டுச் செல்லும். அதற்குப் பின்வரும் தொலைபேசி எண்ணும் கணக்கெண்ணும் இரண்டிரண்டு நிரல் தள்ளிப்போய் அமரும்.

யூனிகோட் வந்த பின்னர் இத்தொல்லை தீர்ந்ததாயினும் நுட்பமான வேறொன்று எஞ்சியிருக்கின்றது. ‘கோ’ என்னும் எழுத்தைக் ககரமும் ஓகாரக் குறியுமாக இரண்டு குறியீடுகளால் எழுதலாம்; ககரமும் ஏகாரக் குறியும் காலும் என மூன்று குறியீடுகளாலும் எழுதலாம். முதல் முறையிற் கோப்பாய் எட்டுக் குறியீடு. மற்ற முறையில் ஒன்பது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டையும் ஒன்றாகவே கொள்ளல் வேண்டுமென யூனிகோட் விதித்திருப்பினும், சேமிக்குமுன் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் படியை மென்பொருள் எழுதியவர் சேர்க்காவிடின், பொறி அவற்றை வெவ்வேறு ஊர்களாகவே எண்ணும். அலுவலர் எத்தனை முறை உற்று நோக்கினும் திரையில் வேறுபாடு தெரியாது. இவ்வகைப் பிழைக்குத் தட்டச்சு செய்தவரைக் கடிந்துகொள்வது நியாயமன்று.

ஆங்கிலத்தில் எழுதுங்கால் இன்னும் பல வடிவங்கள் தோன்றும். பகரத்தை ஒற்றையாக எழுதுவார் ஒருசாரார், இரட்டிப்பார் ஒருசாரார். ஈற்றில் ‘வை’ இடுவாரும் உளர், ‘ஐ’ இடுவாரும் உளர். எழுத்து ஒன்றானாலும் பொருள் ஒன்றாவதில்லை. கோப்பாய் ஒரு கிராமத்தின் பெயர். ஒரு தேர்தல் தொகுதியின் பெயர். வலிகாமம் கிழக்குப் பிரதேச செயலகத்தையும் அடைப்புக்குறிக்குள் கோப்பாய் என்றே வழங்குவர். இவற்றின் எல்லைகள் ஒன்றல்ல. ‘இடம்’ என்று தலைப்பிட்டு ஒரேயொரு நிரலை விட்டுவைத்தால், நீர்வேலியில் இருப்பவர் ஒரு பட்டியலிற் கோப்பாயினராகவும் மற்றொன்றில் நீர்வேலியினராகவும் நிற்பார். இரண்டும் மெய்யே, ஆயின் இரண்டையும் கூட்டிப் பார்க்கும் கணக்கு பொய்யாகும்.

ஊர்ப் பெயருக்கே இப்பாடாயின், ஆட்பெயரின் நிலை சொல்ல வேண்டுவதில்லை. மேல்நாட்டில் வகுக்கப்பட்ட வணிக மென்பொருள் முதற்பெயர், குடும்பப்பெயர் என்ற இரண்டை எதிர்பார்த்து நிற்கும். தமிழர்க்கோ தந்தையின் பெயரே முன்னெழுத்து. மணமான பெண்ணுக்குக் கணவனின் பெயர் முன்னெழுத்தாகும். ஒரே வீட்டிற் பாட்டனும் மகனும் பேரனும் மூன்று ‘குடும்பப்பெயர்’ உடையவராகிவிடுவர். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் குடியேறிய ஈழத் தமிழரின் பிள்ளைகளுள், பாட்டனாரின் பெயராலேயே ஆசிரியர் அழைக்கக் கேட்டு விழித்தவர் பலர். ஒரே பெயர் மட்டும் எழுதப்பட்ட கடவுச்சீட்டோடு அமெரிக்கா செல்வோரின் நுழைவு அனுமதியிலே, முதற்பெயர் தெரியாது என்பதன் சுருக்கமாக ‘எஃப் என் யூ’ என்னும் மூன்றெழுத்து இடப்படுவதுண்டு. வெற்றிடத்தை நிரப்ப இட்ட குறி பின்னர் வேறு ஏடுகளிற் பெயராகவே புகுந்துவிடுகின்றது.

பெயரை நம்ப முடியாதெனில் எண்ணை நம்பலாமே என்பர். இலங்கையில் 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின்படி 1972 முதல் வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டையின் எண், இதற்குத் தக்க பாடமாகும். அதில் ஒன்பது இலக்கங்களும் ஈற்றில் ஓர் எழுத்தும் இருந்தன. முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, ஆண்டின் எத்தனையாம் நாள் என்பது. பெண்ணாயின் அந்நாளெண்ணோடு 500 கூட்டப்படும். ஈற்றெழுத்து வாக்காளர் தகைமையைக் குறித்தது. அட்டையைக் கண்ட மாத்திரத்தே வயதும் பாலும் அறியலாம் என்பது வகுத்தோரின் எண்ணம். கணினி பரவாத காலத்தில் அது பயனுள்ள எண்ணமே. ஆனால் ஆளைச் சுட்டும் எண்ணிலே ஆளைப் பற்றிய செய்தியை ஏற்றிவைத்தமையால், செய்தி தவறினால் எண்ணும் தவறாயிற்று. பிறந்த தேதி பிழையாகப் பதியப்பட்டவர் தேதியை மட்டும் திருத்திக்கொள்ள இயலாது. திருத்தின் அவருடைய எண்ணே அவருக்கு எதிர்ச்சாட்சியாகும்.

அங்கு மறைந்துள்ள மற்றொரு நுட்பத்தையும் கூறல் தகும். நாளெண்ணைக் கணக்கிடுகையில் எல்லா ஆண்டுகளுக்கும் பெப்ரவரி 29 நாளாகவே கொள்ளப்படும். 1973ஆம் ஆண்டு மார்ச் முதலாம் நாள் பிறந்த ஆணுக்கு அந்த மூன்றிலக்கம் 061, பெண்ணுக்கு 561. சாதாரண ஆண்டில் மார்ச் முதலாம் நாள் அறுபதாம் நாளன்றோ என எண்ணிய மென்பொருளாளர், எண்ணிலிருந்து தேதியைப் பிரித்தெடுக்கும்போது மார்ச் இரண்டு என்று எழுதிவிடுவார். இத்தகைய கணக்கொன்று ஊதியப் பட்டியலிற் புகுந்தால், சாதாரண ஆண்டுகளில் மார்ச் முதற்கொண்டு பிறந்த ஊழியர் அனைவரும் ஒருநாள் இளையவராவர். 2016 முதல் வழங்கப்படும் புதிய எண்ணில் 12 இலக்கங்கள். ஆண்டு நான்கிலக்கமாயிற்று, ஈற்றெழுத்து நீங்கிற்று. நூற்றாண்டுக் குழப்பம் இதனால் தீர்ந்தது. ஆனால் பழைய அட்டைகள் புழக்கத்தில் உள்ளன. ஒருவரின் பழைய எண்ணை முன்னே 19 சேர்த்து, நாளெண்ணின் பின் ஒரு சுழியமும் இட்டு 12 இலக்கமாக்கும் வழக்கமும் உண்டு. இரு வடிவையும் ஒன்றெனக் கொள்ளாத தரவுத்தளத்தில் ஒருவர் இருவராவது உறுதி.

பிழைகளுட் கொடியது, பதில் தெரியாதவரைப் பொய் சொல்ல வைக்கும் நிரல். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவிலே தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்தபோது, பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் இழந்தோர் பலர். சான்றிதழ் இல்லாதார்க்கு வயதை உத்தேசமாக மதிப்பிட்டுச் சான்று வழங்கும் ஏற்பாடு சட்டத்தில் உண்டு. ஆனால் கணினிப் படிவமோ நாள், மாதம், ஆண்டு மூன்றையும் நிரப்பாவிடில் அடுத்த பக்கத்துக்குச் செல்ல விடாது. அலுவலர் என் செய்வார்? ஜனவரி முதலாம் நாள் என்று எழுதி அப்பாற் செல்வார். சான்றிதழைக் கண்டெழுதிய தேதியும், வேறு வழியின்றி எழுதிய தேதியும் ஒரே நிரலில் ஒரே தோற்றத்துடன் கிடக்கும். ‘அறியப்படவில்லை’ என்று எழுத ஓர் இடம் விட்டிருந்தால், அந்த வெறுமையே ஒரு மெய்ச்செய்தியாய் இருந்திருக்கும். நிரந்தர முகவரி என்ற நிரலும் அவ்வாறே. கோப்பாயில் வீடும் சாவகச்சேரியில் அகதி வாழ்வுமாய் இருந்தவர் எதனை நிரந்தரம் என்பார்?

அளவைகளையும் ஈண்டு மறத்தலாகாது. யாழ்ப்பாணக் காணிகள் பரப்பாலும் இலாச்சத்தாலும் அளக்கப்படுவன. 16 பரப்பு ஓர் ஏக்கர். இலாச்சமோ வரகு விளையும் நிலத்திற்கு ஒன்றும் நெல் விளையும் நிலத்திற்கு வேறொன்றுமாக இருந்தது. பழைய உறுதியிலிருந்து எண்ணை மட்டும் பெயர்த்தெழுதி, அளவையின் வகையை விட்டுவிட்டால் காணி சுருங்கவோ விரியவோ செய்யும். இது பழமையால் வந்த குறையென எண்ணற்க. 1999ஆம் ஆண்டிலே அமெரிக்கரின் செவ்வாய்க் கலமொன்று, ஒரு சாரார் ஆங்கில அளவையிலும் மறுசாரார் மெட்ரிக் அளவையிலும் எண்களைக் கையாண்டமையால் அழிந்தொழிந்தது. நாசாவுக்கு நேர்ந்தது காணிக் கந்தோருக்கு நேராதென்பது இல்லை.

இவற்றுக்குப் பரிகாரம் அரிதன்று. ஊருக்குப் பெயரோடு குறியீடும் வேண்டும். யாழ்ப்பாண மாவட்டத்தின் கிராம அலுவலர் பிரிவுகள் ஜே என்னும் எழுத்தோடு எண் பெற்றிருப்பது இதற்கு வாய்ப்பானது. பெயரை உடையவர் எழுதுகின்றவாறே முழுதாக ஒரே நிரலில் ஏற்கலாம். எண்ணோடு அளவையை எழுதலாம். தேதியோடு அது எவ்வாறு பெறப்பட்டதென்பதையும் எழுதலாம். இவை மென்பொருளை வகுக்கும் நாளிற் செய்தால் சில நாள் வேலை. பத்தாண்டுப் பதிவுகள் குவிந்த பின்னர் செய்யப் புகின், பழைய ஏட்டையும் புதிய ஏட்டையும் ஒவ்வொரு நிரையாக ஒப்பிட வேண்டும். பெயரில் ஒரெழுத்தும், பிறந்த தேதியில் ஒருநாளும் வேறுபட்ட இரண்டு மூதாட்டியர் ஒருவரா இருவரா என்பதைப் பொறி ஓரளவுதான் ஊகித்துச் சொல்லும். எஞ்சியதை அறிய ஒருவர் கிராம அலுவலரிடம் சென்று கேட்க வேண்டியிருக்கும். அவர் ஏட்டைத் திறவாமலே விடை கூறிவிடவும் கூடும்.