நெஞ்சு நோயும் உளச்சிகிச்சையும்

‘நெஞ்சு’ என்னும் சொல்லை நம் முன்னோர் மார்புக்கும் மனத்துக்கும் பொதுவாக வழங்கினர். நெஞ்சு வலிக்கிறது என்று ஒருவர் கூறின், வலி உடலிலோ உள்ளத்திலோ என்று நாம் மீண்டும் வினவவேண்டியிருக்கிறது. இச்சொல்லாட்சி வெறும் கவிமரபன்று. இரத்த ஓட்டத்தை விளக்கிய வில்லியம் ஹார்வி, மனத்தில் எழும் இன்பமும் துன்பமும் அச்சமும் இருதயம் வரையில் சென்று தாக்குகின்றன என்று 1628ஆம் ஆண்டிலேயே எழுதினார். மார்வலியால் வருந்திய ஜான் ஹண்டர் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு இரண வைத்தியரோ, தம்மைச் சினமூட்டத் துணியும் எவனும் தம் உயிரைப் போக்கலாம் என்று சொல்லிவந்தார். 1793இல் ஒரு வைத்தியசாலைக் கூட்டத்தில் வாக்குவாதம் முற்றிய அளவிலே உயிர் நீத்தார்.

இக்காலத்தில் இதனை எண்ணிக்கையாலும் நிறுவியுள்ளனர். இந்தியா உள்ளிட்ட 52 நாடுகளில், முதன்முறை மாரடைப்புற்ற 11,119 பேரையும் அந்நோயில்லாத 13,648 பேரையும் ஒப்பிட்டு 2004இல் வெளியான ‘இண்டர்ஹார்ட்’ ஆராய்ச்சி, மாரடைப்புற்றோரிடையே மனநெருக்கடி மிகுதி என்று காட்டிற்று. மாரடைப்புக்குப்பின் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் ஆழ்ந்த மனச்சோர்வுக்கு ஆளாகின்றனர் என்பதும், அச்சோர்வுடையார் இறக்கும் அபாயம் மிகுகிறது என்பதும் வைத்தியர் பலர் கண்ட உண்மை.

நிற்க. தேனி மாவட்டத்தில் மலையடிவாரத்திலுள்ள பொட்டிப்புரத்தைச் சேர்ந்த உழைப்பாளி ஒருவரை மனத்தில் எண்ணிக்கொள்வோம். விடியுமுன் ஜீப்பில் ஏறி, கேரள எல்லைக்கு அப்பாலுள்ள ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குச் செல்பவர். மாரடைப்பு வந்து, சிகிச்சை பெற்று, வீடு திரும்பிவிட்டார். இருதயம் ஒருவாறு தேறிவிட்டது, அவர் தேறவில்லை. மேடேறினால் மூச்சு வாங்குகிறது. மீண்டும் அடைப்பு வந்துவிட்டதோ என அஞ்சுகிறார். அஞ்சியவுடன் அட்ரினலின் என்னும் சுரப்பு இரத்தத்திற் கலக்கிறது; நாடி விரைகிறது; மார்பு இறுகுகிறது; அவ்விறுக்கமே அச்சத்துக்குச் சான்றாகிறது. மறுநாள் திண்ணையை விட்டு இறங்கமாட்டார். நடவாத உடல் தளர்கிறது. தளர்ந்த உடலுக்குச் சிறு நடையும் பெருஞ்சுமையாகிறது. வீட்டாரோ அன்பினால், “நீங்கள் அசையவே வேண்டாம்” என்கின்றனர். அன்பு செய்யும் தீங்குகளுள் இதுவும் ஒன்று என்னலாம். கூலி நின்றது, கடன் நிற்கவில்லை. இனி இருந்தென்ன என்ற எண்ணம் புகுந்தபின் மாத்திரை மறக்கிறது, விட்ட பீடி மீளுகிறது.

உளச்சிகிச்சை புகவேண்டிய இடம் இதுவே. அஃது ஆறுதல் மொழியன்று. ஆறுதலை அண்டைவீட்டாரும் கூறுவர். 1960ஆம் ஆண்டுகளில் ஆரன் பெக் என்பார் வகுத்த முறையில், நோயாளியின் எண்ணத்தை அவரே எடுத்துப் பார்க்கும்படி பயிற்றுகின்றனர். எப்பொழுது அஞ்சினீர்? அப்பொழுது என்ன நினைத்தீர்? நினைத்தது நடந்ததா? இவ்வாறு வாரந்தோறும் உரையாடி, வைத்தியர் அனுமதித்த அளவில் முதலில் தெருமுனை வரையிலும் பின்பு கண்மாய்க்கரை வரையிலும் நடக்கச் செய்கின்றனர். மூச்சிரைத்துப் பின் தணிந்ததைத் தம் உடலிலேயே கண்டவருக்கு வேறு வாதம் வேண்டுவதில்லை. சினத்தை அடக்கும் பயிற்சியும், குடும்பத்தாரை உடன்வைத்துப் பேசுதலும் இதன் உறுப்புக்கள்.

பயன் யாது என்பதில் மிகைப்படுத்தல் ஆகாது. அமெரிக்காவில் 2,481 பேரிடம் நடத்தி 2003இல் வெளியிட்ட சோதனையில் சோர்வு ஓரளவு குறைந்தது. உயிர்ச்சேதமும் மறு அடைப்பும் குறையவில்லை. சுவீடன் நாட்டு உப்சாலாவில் 362 பேரைக்கொண்ட சோதனையில் ஓராண்டு அளித்த பயிற்சியோ, மீண்டும் நோய் தாக்குவதை 41 விழுக்காடு குறைத்ததென 2011இல் அறிவித்தனர். 35 சோதனைகளைத் தொகுத்த 2017ஆம் ஆண்டு ஆய்வு, சோர்வும் அச்சமும் தணிகின்றன, இருதய நோயால் நேரும் மரணம் சிறிது குறையலாம், மொத்த மரணம் மாறவில்லை என்றது. நம் நாட்டில் 24 வைத்தியசாலைகளில் 3,959 பேரிடம் யோகப் பயிற்சி வாயிலாக நிகழ்த்திய சோதனையும் 2020இல் இதனை ஒத்த முடிவையே தந்தது: மறு அடைப்பு முதலியன தெளிவாகக் குறையவில்லை, ஆனால் நோய்க்கு முன் செய்துவந்த செயல்களுக்குத் திரும்புதல் மிகுந்தது. ஏலத்தோட்டக் கூலியாளுக்கு இப்பின்னது சிறிய பயனோ? எம் கருத்தில் அன்று.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. புதிதாய் மார்வலி தோன்றின், மனப்பிராந்தி என்றெண்ணிக் காத்திராது 108ஐ அழைத்தல் வேண்டும். மனத்தின் கணக்கைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்.

கண்ணுக்குப் புலனாகாத நியூட்ரினோ அணுத்துகளை ஆராயும் திட்டத்தால் பொட்டிப்புரத்தின் பெயர் உலகறிந்தது. அவ்வூரார் வாரந்தோறும் தேனி மருத்துவக் கல்லூரி அமைந்த க. விலக்குக்குச் சென்று மீளவேண்டின், ஒவ்வொரு முறையும் ஒருநாட் கூலி போம். 2022இல் தொடங்கிய 14416 என்னும் தொலைபேசி உதவியில் தமிழிலேயே மனக்குறையைப் பேசலாம். 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தார் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீடுதேடி மருந்து கொணர்கின்றனர். அவர்கள் மாத்திரையை நீட்டும்போதே வைத்தியர் வழங்கும் இரண்டு கேள்விகளையும் கேட்கலாம்: இந்த இரண்டு வாரத்தில் மனம் சோர்ந்திருந்தீர்களா? வழக்கமாய்ச் செய்யும் காரியங்களில் நாட்டம் குறைந்ததா?