வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு குரல்



2020 மார்ச் 25-ம் தேதி ஊரடங்கு தொடங்கியபோது நம் குழுக்களின் வாரக் கூட்டங்களும் நின்றுபோயின. சேமிப்பு என்னாகும், தவணை என்னாகும் என்பதுதான் அப்போது எல்லோருக்கும் கவலை. ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதி கொடுத்தது. (வட்டி ஏறிக்கொண்டே இருந்தது பலருக்குப் பிறகுதான் தெரிந்தது!)

ஆனால் பணத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருந்தது. போனில் விசாரித்தபோது, தனியாக வசிக்கும் ஒரு அக்கா எங்களிடம், "அரிசி இருக்கு கண்ணு, பேசத்தான் ஆளில்ல" என்றார். மகன் திருப்பூரில் மாட்டிக்கொண்டார். அக்கா இரண்டு நாளாக அடுப்பே பற்றவைக்கவில்லை என்பதைப் பக்கத்து வீட்டு உறுப்பினர்தான் சொன்னார். "எனக்கு மட்டும் எதுக்கு ஆக்கணும்?" என்றாராம்.

தனிமை மனசோடு நிற்பதில்லை. தூக்கம் கெடும், பசி எடுக்காது, மாத்திரை போடுவது விட்டுப்போகும். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது ஆபத்து.

பக்கத்து வீட்டு உறுப்பினர் ஒரு பிடி தண்டுக்கீரை விதையை வேலிக்கு மேலே நீட்டினார். விதை பொடிசு, மணலோடு கலந்து தூவினால்தான் சீராக விழும். அரிசி களைந்த தண்ணீரே போதும். ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும், ஒரு மாதத்தில் பறிக்கலாம். தண்ணீர் ஊற்றுவதற்காகவே அக்கா காலையில் எழுந்தார். "முளைச்சிருச்சாக்கா?" என்று தினமும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. பறித்த கீரை நாலு வீட்டுக்குப் போனது. அவருக்கும் அடுப்பு எரிந்தது.

தளர்வு வந்தபின் கூட்டத்தை வேப்பமரத்தடியில் வைத்தார்கள். மூடிய அறையில் மூச்சுக்காற்று தேங்கி நிற்கும், வெட்டவெளியில் கலைந்துவிடும், அதனால் கொரோனா தொற்றும் வாய்ப்பும் குறைவு. சுண்ணாம்பில் ஆறடிக்கு ஒரு வட்டம் போட்டு, முகக்கவசத்தோடு உட்கார்ந்தார்கள். தலையில் வேப்பம்பழம் விழுந்துகொண்டே இருந்தது. அன்றைக்கு நோட்டைத் திறக்கவே ஒரு மணி நேரம் ஆச்சு.

ஊரடங்கு போய்விட்டது. ஆனால் கணவரை இழந்தவர், காசநோய்க்கு மருந்து சாப்பிடுபவர், குழந்தை பெற்று வீட்டுக்குள்ளேயே இருப்பவர் என்று இன்றும் நம் குழுக்களில் தனித்திருப்பவர்கள் உண்டு. இரண்டு கூட்டத்துக்கு ஒருவர் வராவிட்டால், அபராதம் எழுதும் முன் அவர் வீட்டுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். "இருந்து என்ன பிரயோசனம்" என்று யாராவது பேசினால் அவரைத் தனியே விடாதீர்கள். 14416-க்கு உடனே போன் செய்யுங்கள். இது அரசின் மனநல உதவி எண். இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அந்த அக்கா இப்போது குழுவுக்கே கீரை விதை எடுத்துவைக்கிறார். வேண்டுபவர்கள் அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது ஒரு சின்ன டப்பா கொண்டு வாருங்கள்.