முகம் பார்த்துப் போடும் மதிப்பெண்

ஜப்பானில் வெளிநாட்டவர் ஒருவர் வாய் திறந்து காலை வணக்கம் சொன்னாலே பாராட்டு கிடைக்கும். இருபது வருஷம் அங்கேயே குடியிருந்து, வரிக் கணக்கைத் தானே ஜப்பானிய மொழியில் எழுதிக் கொடுப்பவருக்கும் அதே பாராட்டுதான். கோளாறு இங்கேதான் இருக்கிறது. காது கேட்கும் முன்பே கண் தீர்ப்பு எழுதிவிடுகிறது. உணவகத்தில் சரளமாக ஆர்டர் கொடுத்தாலும் ஆங்கில மெனு வரும். பதிலோ கூட வந்த ஜப்பானிய முகத்தைப் பார்த்து வரும். அந்த முகத்துக்குரியவர் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்து, ஜப்பானிய மொழியே தெரியாதவராக இருந்தாலும் சரி! சீனாவில் பிறந்த யாங் யீ 2008இலும், தைவானில் பிறந்த லீ கொடோமி 2021இலும் ஜப்பானிய மொழியில் எழுதி அகுதாகவா இலக்கியப் பரிசையே வாங்கிவிட்டார்கள். கடை கவுன்டரில் கணக்கு மாறவில்லை.

சான்றிதழைக் காட்டலாமே என்று கேட்கலாம். சென்னையிலும் நடக்கும் ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வு வாசிப்பையும் கேட்டலையும் சொல்வளத்தையும் இலக்கணத்தையும்தான் சோதிக்கிறது; பேச்சுத் தேர்வு அதில் கிடையாது. உச்சபட்ச ‘என்1’ தேறியவரின் பேச்சையும் எதிரில் நிற்பவர் ஊகித்துத்தான் எடைபோடுகிறார். ஆங்கில மெனு நீட்டுவது உபசாரம்தான், 2024இல் வந்த மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பயணிகளில் எத்தனை பேருக்கு மொழி தெரியும் என்பார்கள். நியாயம்தான். ஆனால் பயணி ஊர் திரும்பிவிடுவார். அங்கேயே வாழும் 37 லட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டவர் எங்கே போவார்கள்?

உணவகத்தில் இது வெறும் மனத்தாங்கல். முதியோர் இல்லத்தில் அப்படி விட முடியாது. ஜப்பானுடனான பொருளாதார ஒப்பந்தத்தின்கீழ் இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், வியட்நாமிலிருந்து வரும் பராமரிப்புப் பணியாளர்கள் தேசியத் தகுதித் தேர்வை ஜப்பானிய மொழியில்தான் எழுத வேண்டும். அப்படி வந்த ஒருவரைப் பார்த்து, இவருக்கு மொழி வராது என்று முன்கூட்டியே முடிவு கட்டினால், குளிப்பாட்டுவதும் சோறூட்டுவதும் இவர் தலையில் விழும். ஷிஃப்ட் மாறும்போது எழுதும் குறிப்பு இன்னொருவர் கைக்குப் போகும். எழுதவே விடாத கைக்கு எழுத்து எப்படிப் படியும்? தப்பாகப் பேசினாலும் திருத்த ஆளில்லை. புன்னகையோடு ஒரு பாராட்டு, அத்தோடு சரி. ராத்திரி கஞ்சி விழுங்க இல்லத்துப் பாட்டி ஒருவர் திணறியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் இவர். காலையில் டாக்டர் படிப்பது, இவரிடம் அவசரமாக நாலு வார்த்தை கேட்டுக்கொண்டு மற்றவர் எழுதிய குறிப்பை.