வழுக்கும் கிளட்ச்

தியாகராய நகர் உஸ்மான் சாலை மேம்பாலத்தில் ஒரு பழைய கார் ஏறுகிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் உறுமுகிறது, காரோ ஊர்கிறது. தீய்ந்த வாடை வேறு! ஆசையோடு அண்மையில் அதை வாங்கியவரின் முகம் வாடிவிடுகிறது. அக்காரினுள் நிகழ்வது என்ன?

அது ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று வைத்துக் கொள்வோம். சென்னையை அடுத்த வண்டலூரில் 1961 முதல் தயாரிக்கப்பட்ட கார் இது. இங்கிலாந்தில் ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி அமைத்ததே 1962-இல் வெளிவந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார். ஆகவே இங்கு கூறுவது பெரும்பாலும் அதற்கும் பொருந்தும்.

எஞ்சினோடு சுழலும் கனத்த சக்கரம் ஃப்ளைவீல். கியர்ப்பெட்டியின் தண்டில் கிளட்ச் பிளேட் இருக்கிறது. பிரஷர் பிளேட்டிலுள்ள வில்சுருள்கள் இதை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்க, உராய்வினால் சுழற்சி கைமாறுகிறது. பெடலை மிதித்தால் பிடி விடுகிறது.

முழுப் பிடியில் வழுக்கல் இல்லை, வெப்பமும் இல்லை. பாதிப் பிடியில்தான் தொல்லை. மேம்பாலச் சரிவில், பிரேக் போடாமல் ‘ஹாஃப் கிளட்ச்’சிலேயே காரை நிறுத்தி வைப்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கணக்கிடுவோமா? காரும் ஆட்களும் 950 கிலோ. சரிவு 20-க்கு 1. பின்னிழுக்கும் விசை சுமார் 465 நியூட்டன். சக்கரத்தின் ஆரம் 0.28 மீட்டர் எனில், அங்கே 130 நியூட்டன்-மீட்டர் திருப்புவிசை வேண்டும். முதல் கியரில் அது ஏறத்தாழ 20-இல் ஒரு பங்காகிக் கிளட்சில் 6.5 ஆகும். எஞ்சின் வேகம் நிமிடத்திற்கு 1,000 சுற்று, அதாவது நொடிக்கு 105 ரேடியன். பெருக்கினால் ஏறத்தாழ 680 வாட்! ஓர் இஸ்திரிப் பெட்டியைக் கிளட்ச் உறைக்குள் மூடி வைத்தாற்போலத்தான். பிளேட்டின் லைனிங் கருகாமல் என்ன செய்யும்?

வழுக்குகிறதா என்றறிய, சமதரையில் ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, டாப் கியரில் கிளட்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் நின்றுவிட வேண்டும். ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் தேய்ந்திருக்கும், அல்லது எண்ணெய் கசிந்து அதன்மேல் படிந்திருக்கும்.

நெடுநாள் நின்ற காரில் இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. பெடலை மிதித்தும் பிடி விடாது, கியர் கரகரக்கும். இரண்டு மூன்று முறை மிதித்தபின் கியர் விழுந்தால், கியர்ப்பெட்டியை இறக்க அவசரப்படாதீர்கள்! பெடலின் அழுத்தத்தை மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஸ்லேவ் சிலிண்டருக்குக் கொண்டு செல்வது ஒரு திரவம். திரவம் அமுங்காது, அதில் காற்று புகுந்தால் காற்று அமுங்கிவிடும். பிறகு பாஸ்கல் விதி இருந்தென்ன பயன்? ‘பிரேக் ஆயில்’ எனப்படும் இத்திரவம் உண்மையில் எண்ணெய் அன்று. காற்றின் ஈரத்தை உறிஞ்சும் கிளைக்கால் வகை. சென்னையின் கடற்காற்றில் கேட்கவா வேண்டும்? சிலிண்டர் துருப்பிடிக்கிறது, ரப்பர் வாஷர்கள் கெடுகின்றன. வாஷர்களை மாற்றிக் காற்றை வெளியேற்றினாலே பெரும்பாலும் போதும். எஞ்சின் ஆயிலை மட்டும் ஊற்றிவிடாதீர்கள்; ரப்பர் ஊதிப்போகும்.

வழுக்கலுக்கோ கியர்ப்பெட்டியைக் கழற்றியே ஆகவேண்டும். ஹெரால்டில் இருக்கைகளையும் நடு உறையையும் எடுத்துவிட்டுக் காருக்குள்ளிருந்தே அதை வெளியே எடுக்கலாம். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. எண்ணெய்க் கசிவை முதலில் அடைக்காவிட்டால் புதுப் பிளேட்டும் வழுக்கும்.

பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அதன் நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். ஆகவே உறையிலுள்ள தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதக்கூடாது; தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அகற்ற வேண்டும். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் சிறுவர்களை முதலில் அனுப்பிவிடுங்கள்.