விரியலாக்கியும் செவியின் தீர்ப்பும்

ஒலியின் நயத்தை அறிவது செவியேயாயினும் அது தனித்திருந்து தீர்ப்பளிப்பதில்லை. கண் கண்ட அழகும், கொடுத்த விலையும், பிறர் கூறிய புகழும் உடனிருந்து அதனை வழிப்படுத்துகின்றன. இல்லங்களில் இசை கேட்கப் பயன்படும் விரியலாக்கிகளை ஒப்பிடுமிடத்து இவ்வுண்மை நன்கு புலனாகும்.

விரியலாக்கியாவது, நலிந்த மின்சைகையை ஒலிபெருக்கியை இயக்கத்தக்க வலுவுடையதாக்கும் கருவி. வால்வு, திரான்சிற்றர் என உறுப்பாலும், ஏ, பி, ஏபி, டி என இயங்குமுறையாலும் இது பலவகைப்படும். ஏ வகுப்பில் ஓருறுப்பே அலை முழுவதையும் தாங்கும். திரிபு குறைவு, ஆயின் பெற்ற மின்வலுவிற் பாதிக்கு மேல் வெப்பமாய்க் கழியும். பி வகுப்பில் ஈருறுப்புக்கள் அலையைப் பாதிபாதியாய்ப் பங்கிடும். அதன் வினைத்திறன் 78.5 சதவீதம்வரை உயரலாம். எனினும் இரு பாதிகளும் பொருந்துமிடத்துத் திரிபு தோன்றும். வீணையின் நாதம் தேய்ந்து மறையும் வேளையில் அக்குறை வெளிப்படும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது ஏபி. டி வகுப்போ மின்னை மிகு விரைவில் இணைத்தும் துண்டித்தும் இயங்கி, 90 சதவீதத்துக்கு மேலும் வினைத்திறன் தரவல்லது.

இவ்வேறுபாடு ஏட்டளவினதன்று. 1990களில் வன்னியின் பெரும்பகுதி மின்சாரமின்றி இருந்தது. அக்காலத்து மக்கள் துவிச்சக்கரவண்டியின் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். அத்தைனமோ தருவது ஏறத்தாழ 3 வாற்று. பெயர்பெற்ற ஈஎல் 84 வால்வுக்கோ இழையைச் சூடாக்க மட்டுமே 5 வாற்று அளவில் வேண்டும். சிறு மின்னோட்டத்தில் இயங்கும் திரான்சிற்றராலேயே அவர்கள் செய்தியறிய முடிந்தது. ஆதலின், தேவைக்கேற்ற வகையே சிறந்த வகை என்க.

வால்வின் ஒலி இனியது என்பார் பலர். ஒற்றை வால்வு விரியலாக்கி, மூலத்தில் இல்லாத இரட்டை மீடிறனைச் சிறிது சேர்க்கும். அது மூலச்சுரத்தின் மேற்தாயிச் சுரமாதலின் செவிக்கு இதமாகும். ஆனால் இனிமை வேறு, உண்மை வேறு. தூதுவன் தன் சொல்லைச் சேர்த்துரைத்தல் தகாதவாறு போல, விரியலாக்கியும் தன் குரலைச் சேர்த்தல் தகாது.

நடுநிலையான சோதனை எளிதே. ஒரே இசைப்பதிவையும் ஒரே ஒலிபெருக்கியையும் கொள்க. சற்று உரத்த ஒலி சிறந்ததெனத் தோன்றுமாதலின், வோல்ற்றுமானியால் இரண்டின் ஒலியளவையும் சமமாக்குக. பின்னர், எது இயங்குகின்றதெனக் கேட்போர் அறியாவண்ணம் மாற்றி மாற்றிப் பத்து முறை வினவுக. ஐந்து விடைகள் சரியாதல் குருட்டு வாய்ப்பு. ஒன்பதேனும் சரியாதல் தற்செயலாய் நூற்றில் ஏறத்தாழ ஒரு முறையே நேரும்.

1978இல் இங்கிலாந்தின் குவாட் நிறுவனத்து வால்வு விரியலாக்கி ஒன்றும் திரான்சிற்றர் விரியலாக்கிகள் இரண்டும் இவ்வாறு மறைவில் ஒப்பிடப்பட்டன. பழகிய செவியினரும் அவற்றைப் பிரித்தறிந்திலர். நன்கமைந்த கருவிகள், தம் அளவு கடந்து இயக்கப்படாவிடத்து, பெரிதும் ஒத்தொலிக்கும் என்பது இதனாற் பெறப்படும். ஒலியை மிகுதியும் வேறுபடுத்துவன ஒலிபெருக்கியும் அதனை வைக்கும் அறையுமே.

இழந்தவற்றை மீண்டும் தேடிச் சேர்க்கும் வன்னி இல்லத்தார்க்கு ஒவ்வொரு ரூபாவும் பெறுமதியுடையது. விலையையும் புகழையும் விலக்கி, செவியை மட்டும் சான்றாக்கித் தெளிதல் அவர்க்கு நலம் பயக்கும்.